வியாழக்கிழமைக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

வருகிற வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு எனக்கு முதல் கீமோதெரபி. இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

இப்படிப் பட்டென்று போட்டு உடைத்ததற்கு மன்னிக்கவும். முலுண்ட் மார்க்கெட்டில் வாழைப்பூ கிடைத்த கதை, லோக்கல் ட்ரெயினில் சீட் சண்டை, ஜூனில் வந்து சேரும் மழை என்று எதையாவது எழுதிக்கொண்டிருந்தவளை இரண்டு மாதமாகக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். காரணம் இதுதான். இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் ஆகி நாலு வாரம் முடிந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ரங்கமணியோடு வழக்கம்போல் சண்டை போடுகிறேன் :-)

"ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதே, நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பார்க்கணும்" என்று சொந்தத்தில் ஒரு அத்தை போன் போட்டுச் சொன்னார். பெண் இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு. வரன் இருக்கட்டும், முதலில் ஃபிசிக்ஸ் பாஸாகட்டும். நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. அதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும்.

1994. மன்னார்குடி. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மாவுக்கு இதே வியாதி. அப்போது வீட்டில் யாரும் கான்சர் என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். 'அந்த வியாதி'தான். சென்னைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, ஊசியும் போட்டுக் கூட்டிவந்தார்கள். பெரியம்மா தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எங்களைக் கிட்டே விடமாட்டார்கள். ஒருநாள் முந்தானை நழுவியது. நான் பார்த்துவிட்டேன். பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். அடுத்த வருஷம் ஆடி மாதம் பெரியம்மா போய்விட்டார்.

"அந்த ஊசிதான் அவளைக் கொன்னுடுச்சு. போடாம இருந்திருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பா." இது எங்கள் குடும்பத்தின் தீர்ப்பு. முப்பது வருஷமாகக் கல்யாண வீடு, கருமாதி வீடு எல்லா இடத்திலும் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அதனால் டாக்டர் 'கீமோ' என்று சொன்னதும் எனக்கு மருந்து ஞாபகம் வரவில்லை. அந்தத் தூணும் முந்தானையும்தான் வந்தன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் குளிக்கும்போது கையில் பட்டாணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லையே என்று, இயர் எண்டிங் முடியட்டும், ஆடிட் முடியட்டும் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச்சில் காய்ச்சல் வரக்கூட அனுமதி கிடையாது, தெரியுமில்லையா? அது தப்பு. வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பிறகு தெரிந்தது. ஏப்ரலில் மாமோகிராம், பயாப்ஸி. மே மாதம் ஆபரேஷன். கட்டி 2.3 சென்டிமீட்டர். அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் பரவியிருந்தது.

"அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்குக் கீமோ?" என்று கேட்டேன். மராட்டிக்காரர், பொறுமைசாலி. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத சில செல்கள் ரத்தத்தோடு கிளம்பி வேறு எங்காவது போய் உட்கார்ந்திருக்கலாம், இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, இருந்தால் அதை ஒழிப்பதற்குத்தான் இது என்றார். பி.காம். மூளைக்கு இப்படிப் புரிந்தது: பெரிய கடன் அடைந்துவிட்டது, ஆனால் புத்தகத்தில் ஏறாத நிலுவை எங்காவது இருக்கலாம். அதை இப்போதே தேடிப்பிடித்துத் தீர்க்காவிட்டால் பின்னால் வட்டியும் முதலுமாக வந்து நிற்கும்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை நாலு தடவை, இரண்டு மருந்து சேர்த்து. அப்புறம் வாராவாரம் பன்னிரண்டு தடவை வேறொரு மருந்து. மொத்தம் பதினாறு. நவம்பர் கடைசியில் முடிய வேண்டும், நடுவில் ரத்த அணுக்கள் குறைந்து தள்ளிப்போடாமல் இருந்தால். அதற்கப்புறம் ரேடியேஷன், பல வருஷத்துக்கு மாத்திரை.

அந்த முதல் இரண்டு மருந்தின் பூர்வீகத்தைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒன்று சைக்ளோபாஸ்பமைடு. 1917-ல் முதல் உலகப்போரில் வீசினார்களே மஸ்டர்ட் வாயு, அந்த வம்சம். அந்த விஷம் பட்டவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறைவதைக் கவனித்து, அதன் பங்காளியான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று அட்ரியாமைசின். இத்தாலியில் காஸ்டல் டெல் மான்டே என்ற பழைய கோட்டைப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரி தந்த சிவப்புச் சாயம். அட்ரியாட்டிக் கடல் பக்கம் என்பதால் அந்தப் பெயர். ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும், பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், அது ரத்தமில்லை என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லி வைத்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அன்றிரவே நான் அலறிப் பிடித்து ஓடியிருப்பேன்.

இந்தப் பதினைந்து நாளும் முன்னேற்பாடுதான். எனக்கு எக்செல் ஷீட் இல்லாமல் எதுவும் ஓடாது. 'வியாழனுக்கு முன்' என்று ஒரு ஷீட் போட்டு, முடிய முடியப் பச்சை அடித்துக்கொண்டு வருகிறேன். யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் எக்கோ. அந்தச் சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஆரம்பிக்கும் முன்பே இதயம் எப்படிப் பம்ப் செய்கிறது என்று பார்த்துவிடுகிறார்கள். ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று அதற்கு உச்சவரம்பே இருக்கிறது. கிரெடிட் லிமிட்டேதான். அப்புறம் ரத்தப் பரிசோதனை, அதில் ஹெபடைடிஸ் பி-யும் உண்டு. உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமி கீமோவில் எழுந்துகொள்ளுமாம். உயரம், எடை இரண்டையும் வைத்து உடம்பின் பரப்பளவைச் சதுர மீட்டரில் கணக்குப் போட்டு மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

பல் டாக்டர். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வேகமாகப் பெருகும் செல்களை எல்லாம் மருந்து அடிக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. சொத்தைப் பல் இருந்தால் அந்த நேரத்தில் அங்கிருந்து கிருமி கிளம்பும். இரண்டு வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை ஒரு வழியாக அடைத்தாயிற்று.

போர்ட். வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய டப்பி. அதிலிருந்து ஒரு குழாய் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகிறது. பதினாறு தடவையும் கை நரம்பைத் தேடிக் குத்த வேண்டாம். நிணநீர் முடிச்சு எடுத்திருப்பதால் இடது கையில் ஊசி வேண்டாம், ரத்த அழுத்தம்கூட வலது கையில்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

தெர்மாமீட்டர். இதுதான் மிக முக்கியம். ஊசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வரை வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைவாக இருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் வீட்டில் ஒரு பாராசிடமால் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. நடுராத்திரி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஜூன், ஜூலை மும்பை மழையில், ஹிந்த்மாதாவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது பரேலுக்கு எப்படிப் போவது? அதனால் முலுண்டிலேயே அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு குஜராத்தி மாமி, "ராத்திரி மணி பார்க்காம பெல்லை அடி, என் பையன் வண்டி எடுப்பான்" என்று சொல்லியிருக்கிறார்.

சாப்பாடு. எல்லாம் வேகவைத்துச் சாப்பிட வேண்டும், பச்சைக் காய்கறி, வெளியில் பானிபூரி, கரும்புச்சாறு எதுவும் கூடாது. நடுங்கிக்கொண்டே "தயிர்சாதம்?" என்று கேட்டேன். நன்றாகக் காய்ச்சிய பாலில் வீட்டிலேயே உறை ஊற்றிய புதுத்தயிர் சாப்பிடலாம் என்றார் டயட்டீஷியன். பாதி உயிர் திரும்பி வந்தது.

வாட்ஸ்அப் வைத்தியம். முள்சீத்தா, பப்பாளி இலைச் சாறு, வெறும் வயிற்றில் மஞ்சள், ஒரு சித்தப்பா அனுப்பிய லேகியம். எதையும் எனக்குச் சொல்லாமல் சாப்பிடாதீர்கள், கல்லீரலுக்கு ஏற்கனவே வேலை அதிகம், சில சமாசாரம் மருந்தோடு மோதும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அனுப்பியவர்களுக்கு எல்லாம் ஒரு கும்பிடு போட்டு, லேகியம் அலமாரியில் இருக்கிறது.

இன்னொன்று. இளவயசுப் பெண்களாக இருந்தால், பின்னால் குழந்தை வேண்டுமென்றால், கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றிக் கீமோ ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். எனக்கு 46. அந்தக் கேள்வி என்னைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தெட்டுதான் இருக்கும்.

ஷீட்டில் கடைசி வரை பச்சை ஆகாமல் நின்றது 'நாமினேஷன்'. சிரிக்காதீர்கள். 22 வருஷமாக வங்கியில் இருக்கிறேன். தாணேயில் ஒரு கிளையில் இருந்தபோது, கணவர் போட்டு வைத்த டெபாசிட்டுக்கு நாமினி இல்லாததால் ஒரு அம்மாள் மாதக்கணக்கில் காகிதம் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தவள். கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "நாமினி போட்டாச்சா?" என்று கேட்பவள். போன வாரம் என் கணக்கைத் திறந்து பார்க்கிறேன். 2003-ல் வேலையில் சேர்ந்தபோது ஆரம்பித்த சேமிப்புக் கணக்கில் நாமினி: அப்பா. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது.

கொஞ்ச நேரம் அந்த ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஃபாரம் எடுத்தேன். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். ஒரே நேரத்தில் பங்கு பிரித்தும் போடலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் போடலாம். முதலில் ரங்கமணி, அவருக்குப் பின் மகள். அவளுக்குப் பதினெட்டு ஆகாததால் அதுவரை வாங்கிக்கொள்ள என் தம்பி. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர்தான், வாரிசு யார் என்பதை அது தீர்மானிக்காது என்பதால் ஒரு பக்கத்தில் உயிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஃபாரத்தைப் பதிவு செய்த சின்னப் பையன், போன வருஷம்தான் வேலையில் சேர்ந்தவன், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, இது சாகறதுக்கான ஃபாரம் இல்லப்பா, பதிமூணு வருஷத்துக்கு முன்னாலயே செஞ்சிருக்க வேண்டிய வேலை" என்று இந்தியில் சொன்னேன். வெளியே வந்து டாய்லெட்டில் பத்து நிமிஷம் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேனே.

ஷீட்டில் எழுதாத வேலை ஒன்று இருந்தது. அம்மாவுக்குச் சொல்வது.

ஆபரேஷனையே 'சின்னக் கட்டி' என்று சொல்லித்தான் சமாளித்திருந்தேன். அக்காவை அப்படிப் பார்த்தவரிடம் எப்படிச் சொல்வது? ரங்கமணிதான், "முடி கொட்டின அப்புறம் வீடியோ கால்ல பார்த்துத் தெரிஞ்சுக்கணுமா அவங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பிய டிக்கெட் போடச் சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து மும்பை. எழுபத்திரண்டு வயசில், இரண்டு ராத்திரிப் பயணம். போன திங்கட்கிழமை தம்பியோடு வந்து இறங்கினார். பையில் சுண்டைக்காய் வற்றல், ஒரு வருஷத்துக்குக் காணும் நார்த்தங்காய் ஊறுகாய். "வாய்க்கு எதுவும் பிடிக்காதுல்ல, அதுக்குத்தான்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டை எடுத்துப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள் மகள். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. இவளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது, பேசுவாள், அதுவும் பாதி இந்தி. ஒவ்வொரு வரியாக அவளுடைய தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "பாட்டி, முதல் ஊசி போட்டு ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்டும். ட்ரீட்மெண்ட் முடிஞ்சதும் திரும்ப முளைக்கும். வாந்தி வராம இருக்க முன்னாடியே மாத்திரை கொடுத்துடுவாங்க. ரொம்ப டயர்டா இருக்கும், அது நார்மல்."

"திரும்ப முளைக்குமா?" என்றார் அம்மா.

"ஆமா பாட்டி. இங்க போட்டிருக்கு பாருங்க."

அம்மா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆங்கிலம் தெரியாவிட்டாலும். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா ஒண்ணுதான்டி போட்டுக்கிச்சு."

எனக்குப் புரியவில்லை.

"ஆறு போடணும்னாங்க. ஒண்ணு போட்டு ஊருக்கு வந்ததும் மூணு நாளு வாந்தி. அப்புறம் சீப்போட முடி வந்துச்சு. இப்படியெல்லாம் ஆகும்னு எங்களுக்குத் தெரியாது. சாவுதான் வருதுன்னு நெனச்சுக்கிச்சு. ரெண்டாவது ஊசிக்கு வண்டி வந்து வாசல்ல நிக்குது, நான் வரமாட்டேன்னு கதவைச் சாத்திக்கிச்சு. உங்க பெரியப்பா என்னைப் போய்ப் பேசச் சொன்னாரு. நான் உள்ள போனேன். போயி, சரிக்கா, வேணாம் விடுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அப்ப எல்லாரும் ஊசிதான் கொன்னுடுச்சுன்னு..."

"அப்படிச் சொன்னா யார் மேலயும் தப்பு இல்ல பாரு."

மகள் கையேட்டை மூடிவிட்டாள். வெளியே மழை. யாரும் ஒன்றும் பேசவில்லை. தம்பி எழுந்து போய் டிவியை அணைத்தான்.

ஆறும் போட்டிருந்தால் பெரியம்மா பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. வாந்தியைத் தடுக்க இன்று இருக்கும் அளவுக்கு மருந்துகள் அன்று இல்லை. வெள்ளை அணுவை ஏற்றும் ஊசி எங்கள் ஊர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்காது. ஆனால் முப்பது வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த ஒரு சாவுக்கு, நான் பயந்த விஷயம் காரணமில்லை. பெரியம்மாவுக்குத் தைரியமும் குறைச்சல் இல்லை. ஆறு பிள்ளை பெற்று, இரண்டைப் பறிகொடுத்து, வயல் பார்த்தவர். என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாந்தியும் முடி கொட்டுவதும் மருந்து வேலை செய்வதோடு வருபவை, வந்துவிட்டுப் போய்விடுபவை என்று அந்த வாசலில் நின்று ஒரு ஆள் சொல்லியிருந்தால், ஒருவேளை வண்டியில் ஏறியிருப்பார்.

அன்று ராத்திரி அம்மா எனக்குத் தலை வாரிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் வாரிவிட்டது. இடுப்பு வரை இருந்த முடி. மறுநாள் பார்லரில் போய்க் காது வரை வெட்டிக்கொண்டேன். கொட்டும்போது நீளமாகக் கொட்டினால் மனசு அதிகம் வலிக்கும், முன்பே குட்டையாக்கிக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அம்மாவும் கூட வந்தார். பார்லர் நாற்காலி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. உங்க அப்பா ஜாடை" என்றார். பாராட்டா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை :-)

வங்கியின் குழுக் காப்பீட்டில் முன் அனுமதி வந்துவிட்டது. கீமோவுக்கு ஒருநாள் முழுக்கத் தங்க வேண்டியதில்லை, டே கேரிலேயே க்ளெய்ம் உண்டு. பையும் தயார்: போர்ட்டுக்கு வசதியாக முன்பக்கம் பட்டன் வைத்த குர்தா, ஏ.சி. குளிருக்குச் சால்வை, தண்ணீர் பாட்டில், ரிப்போர்ட் ஃபைல், ஒரு டப்பியில் நார்த்தங்காய். வியாழக்கிழமை உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களாம். ரங்கமணிதான் வருவதாக இருந்தது. நேற்று அம்மா, "நான் வர்றேன்" என்றார். பரேல் வரை மழையில் எதற்கு என்று நாங்கள் இருவரும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை.

பெரியம்மா ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். என் ஷீட்டில் பதினாறு கட்டம் இருக்கிறது. மகள் அதைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று இப்போது எனக்குத் தெரியும். அதைப் பட்டியல் போடலாம், டாக்டரிடம் கேட்கலாம், தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். பெண்கள், கையில் ஏதாவது தட்டுப்பட்டால் வலிக்கிறதா என்று காத்திருக்காதீர்கள், இயர் எண்டிங் அடுத்த வருஷமும் வரும். எல்லோரும், இன்றைக்கே உங்கள் கணக்கில் நாமினி யார் என்று ஒரு தடவை பாருங்கள்.

முதல் கட்டத்தில் பச்சை அடித்ததும் வந்து எழுதுகிறேன்.